மளிகைச் சீட்டில் இருந்த எடை

தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வந்த வாரம், வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "அதானுங்க உடம்பு இப்படிப் போட்டிருக்குது. மாத்திரை போட்டா தன்னால எறங்கிரும்." கேட்க இதமாகத்தான் இருந்தது. பல வருஷமாக ஏறிக்கொண்டே போன எடைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதற்கு மருந்தும் கிடைத்துவிட்டது. ஆனால் மாத்திரை இறக்கிக் கொடுத்தது மூன்று கிலோ. அதற்கப்புறம் இறங்கிய எட்டு கிலோ முழுக்கச் சாப்பாட்டில் இறங்கியது. எது மாத்திரையின் வேலை, எது சாப்பாட்டின் வேலை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அலுத்துப்போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. உயரம் 157 சென்டிமீட்டர், அப்போது எடை 79 கிலோ. ஆபீசில் மற்றவர்கள் ஏசியைக் கூட்டச் சொல்லும்போது நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பேன். மலச்சிக்கல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, மாதவிலக்கில் அதிகப் போக்கு, காலையில் எழுந்தால் உப்பிய முகம், மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணை இழுக்கும் தூக்கம் எல்லாம் இருந்தன. டிஎஸ்எச் 14 என்று வந்தது. பெரும்பாலான லேப்களில் அதன் மேல் எல்லை 4-லிருந்து 5 வரைதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவுதான் டிஎஸ்எச். தைராய்டு சோம்பினால் உத்தரவு கூடும், எண் ஏறும். எதிர்ப்பொருள் சோதனையும் பாசிட்டிவ். அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற வகை. 1912-இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரிலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள்.

மருத்துவர் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஏம்மா, தைராய்டால மட்டும் ஏறுற எடை பெரும்பாலும் ரெண்டு கிலோவுல இருந்து அஞ்சு கிலோ வரைதான் இருக்கும். அதுலயும் பாதிக்கு மேல உப்பும் தண்ணியும்தான். அது மாத்திரையில வடிஞ்சிரும். மிச்சத்தை நீங்கதான் பார்த்துக்கணும்." அப்படியேதான் நடந்தது. டிஎஸ்எச் இறங்க இறங்க முகத்து உப்பல் வடிந்தது, மோதிரம் கழன்று வந்தது, தராசு 76 காட்டியது. அங்கேயே நின்றும் போனது. மாதக்கணக்கில் அசையவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைக்கத் தோன்றுகிற இடம் இதுதான். உண்மையில் மாத்திரை தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கான அடையாளமும் இதுதான்.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன், மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கும் தைராய்டுக்கும் நிஜமான சம்பந்தம் இருக்கும் இடம் அதுதான், ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்து அது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதையும் வாயில் வைக்காமல் இருந்தால்தான் முழுசாகச் சேரும். காபி அதைத் தடுக்கும். பாலும் தடுக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் பல் விளக்கியதும் முதல் வேலை டீதான், மாத்திரையை டீயோடு முழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் டோஸ் ஏறிக்கொண்டே போகும், டிஎஸ்எச் இறங்காது.

நான் செய்தது இதுதான். மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீரும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து மணி அலாரத்துக்கு எழுந்ததும் அதைப் போட்டுவிட்டு நடக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து பால் காய்ச்சும்போது ஒரு மணி நேரம் ஓடிப்போயிருக்கும். காத்திருப்பதாகவே தெரியாது, நடையும் தனியாகத் திட்டம் போடாமல் வந்து சேர்ந்தது. காலையில் முடியவே முடியாதவர்களுக்கு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடச் சொல்வதும் உண்டு. ஆனால் நேரத்தை நாமாக மாற்றக்கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதிகப் போக்கால் எனக்கு ரத்தசோகை இருந்தது, இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளி வைத்தேன். அல்சர் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது. முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் முறைகளில் அது டிஎஸ்எச் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்கிற அன்று, கொடுத்துவிட்டு வந்து தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, பாட்டிலை அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அடுப்புச் சூடும் சேர்ந்தால் மருந்து வீரியம் இழக்கும்.

இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டு வெளியேற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால்தான் டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கிறார்கள். அதற்கு முன் வாராவாரம் லேபுக்கு ஓடுவது வீண் செலவு.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

ரிப்போர்ட்டோடு சேர்ந்து வருகிற இலவச இணைப்பு, சாப்பிடக்கூடாதவைகளின் பட்டியல். முட்டைக்கோசு கூடாது, காலிபிளவர் கூடாது, மரவள்ளிக்கிழங்கு கூடாது, நிலக்கடலை கூடாது, கம்பு கூடாது, சோயா கூடாது. நிலக்கடலையும் மரவள்ளியும் விளைகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் விட்டால் சாப்பிட என்ன மிஞ்சும்? இந்தப் பட்டியலில் துளி உண்மை இருக்கிறது. முட்டைக்கோசு வகையிலும் மரவள்ளியிலும் கம்பிலும், தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கிற பொருள்கள் உண்டு. அயோடின் பற்றாக்குறை உள்ள ஊர்களில், அதையே மூன்று வேளையும் தின்று வாழ்ந்த மக்களிடம் கழுத்துக் கழலை கூடுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அயோடின் உப்பு போட்டுச் சமைக்கிற வீட்டில், வாரத்தில் ஒருநாள் வேகவைத்த முட்டைக்கோசுப் பொரியல் யாரையும் ஒன்றும் செய்யாது. வேகும்போதே முட்டைக்கோசில் உள்ள அந்தப் பொருள்களில் பெரும்பகுதி போய்விடும். சோயா மட்டும் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். அதனால் காலைப் பலகாரத்தில் வேண்டாம், மத்தியானத்துக்கு மீல்மேக்கர் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலின் மறுபக்கம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். முட்டைக்கோசுக்குப் பயப்படுகிற அதே ஆட்கள், நல்லது என்று அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறியிருப்பார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 2006-இல் மத்திய அரசு திரும்பவும் தடை கொண்டுவந்தது சும்மா இல்லை. அதற்காகக் கடல்பாசி மாத்திரை வாங்கி அயோடினை அள்ளிப் போட்டுக்கொள்வதும் ஆபத்துதான், ஹாஷிமோட்டோ வகைக்கு அதிக அயோடின் தைராய்டை இன்னும் மந்தமாக்கும். சாதாரண அயோடின் உப்பு, அதுவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அவ்வளவு போதும்.

தைராய்டு நோயாளிக்கென்று எடை குறைக்கும் தனி உணவு எதுவும் கிடையாது என்பது புரிந்ததும், வேறு பக்கம் தேட ஆரம்பித்தேன். சாப்பிடுவதை எல்லாம் தினமும் நோட்டில் எழுதச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாள் முழுக்க ஆபீசில் எழுதுகிறவள் வீட்டிலும் எழுத வேண்டுமா? அதைவிட, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒன்றை எடுத்தேன். எங்கள் வீட்டு மாத மளிகைச் சீட்டு. வீட்டில் பெரியவர்கள் நாலு பேர்: நான், வீட்டுக்காரர், அத்தை, காலேஜ் போகும் மகன். மாதத்துக்கு முப்பது நாள் வைத்தால் 120 பங்கு. சீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் 120-ஆல் வகுத்துப் பார்த்தேன்.

கடலை எண்ணெய் 5 லிட்டர். எடையில் நாலரைக் கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. எண்ணெய் 30 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் தாளிப்பில் மட்டுமே அதைத் தாண்டிக்கொண்டிருந்தோம், வடை பஜ்ஜி சுடுகிற வீடுகூட இல்லை எங்கள் வீடு. சர்க்கரை 4 கிலோ. ஒரு ஆளுக்கு 33 கிராம், 130 கலோரி. அத்தைக்குச் சர்க்கரை நோய், அவர் டீயில் சேர்ப்பதில்லை. அப்படியானால் எங்கள் மூவர் கணக்கு இன்னும் கூட. சாப்பாட்டு அரிசி 25 கிலோ மூட்டை ஒன்று, அதுபோக இட்லி அரிசி தனி. மூட்டை அரிசி மட்டுமே ஒரு ஆளுக்கு 200 கிராமுக்கு மேல், 700 கலோரியைத் தாண்டுகிறது. பருப்பு வகைகளோ எல்லாம் சேர்த்து 3 கிலோ. ஒரு ஆளுக்கு 25 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குச் சொல்வது 85 கிராம்.

இந்த நாலு எண்களைப் பார்த்ததும் எனக்கு வேறு எந்த டயட் சார்ட்டும் தேவைப்படவில்லை. எங்கள் வீடு அதிகம் சாப்பிடுகிற வீடு இல்லை. அரிசியும் எண்ணெயும் கூடிப்போய், புரதம் தருகிற பருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போன வீடு. புரதம் குறைந்த சாப்பாடு சீக்கிரம் பசிக்க வைக்கும். பத்து மணிக்குப் பசிக்கும், நாலு மணிக்குப் பசிக்கும். தைராய்டு அசதியும் சேர்ந்துகொண்டால் கை தானாகச் சர்க்கரைப் பக்கம் போகும்.

சீட்டில் ஏறாத ஒரு செலவும் இருந்தது. கொங்குப் பக்கம் பேக்கரி என்பது பன் வாங்குகிற கடை மட்டும் இல்லை, டீ குடிக்கிற இடமே அதுதான். சாயங்காலம் நாலரைக்கு ஆபீஸ் மொத்தமும் எதிர்ப் பேக்கரியில் நிற்கும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, கூட ஒரு முட்டை பப்ஸோ தேங்காய்ப் பன்னோ. பப்ஸ் ஒன்றே 250 கலோரிக்குப் பக்கம் வரும். வீட்டில் எண்ணெயைக் குறைத்து மிச்சம் பிடிப்பதை இங்கே ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேக்கரிக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. அரட்டை அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை கம்மி டீ சொல்லிவிட்டு, பையில் கொண்டுபோன வறுத்த பொட்டுக்கடலையோ அவித்த நிலக்கடலையோ ஒரு கைப்பிடி தின்பேன். முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் என் டப்பாவிலிருந்தே எடுக்க ஆரம்பித்ததால் பெரிய டப்பாவாக மாற்ற வேண்டி வந்தது.

வீட்டில் முதலில் தொட்டது எண்ணெய். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, 5 மில்லி தேக்கரண்டி ஒன்றைப் போட்டு வைத்தேன். ஒரு கரண்டி ஏறத்தாழ 40 கலோரி. தாளிக்க இரண்டு கரண்டி, பொரியலுக்கு இரண்டு கரண்டி. தோசைக்கல் மட்டும் இரும்புக் கல்லாகவே இருக்கட்டும் என்று விட்டேன், வெங்காயத்தை வெட்டித் தேய்த்தால் பாதி எண்ணெயில் வேலை முடிகிறது. இரண்டு மூன்று மாதத்தில் சீட்டில் 5 லிட்டர் 3 லிட்டர் ஆனது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 கலோரி குறைந்தது, தட்டில் இருக்கும் சோற்றின் அளவை யாரும் தொடாமலே. குழம்பில் எண்ணெய் மிதக்கவில்லை என்ற குறை சில நாள் இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது.

அடுத்தது பருப்பு. இதில் கொங்குக்காரர்களுக்கு ஒரு வரம் இருக்கிறது, கடைசல். பச்சைப்பயறு கடைசல், கொள்ளுக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, கீரையும் பருப்பும் சேர்த்துக் கடைவது எல்லாம் எங்கள் வீட்டில் தெரிந்த பக்குவங்கள். ஆனால் சோற்றின்மேல் ஒரு கரண்டி ஊற்றுகிற அளவுக்குத்தான் அவற்றுக்கு இடம் இருந்தது. அந்த அளவைத் திருப்பிப் போட்டேன். ஒரு கிண்ணம் கெட்டிக் கடைசல், அதற்குத் தொட்டுக்கொள்கிற மாதிரிச் சோறு. காலையில் நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்பது, இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு கடைசலும் ஆனது. சில நாள் இரண்டு அவித்த முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். என்னைப்போன்ற உயரத்துப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 45, 50 கிராம் புரதம் என்று வைத்தால், காலையிலேயே 15 கிராம் உள்ளே போய்விட்டால் மத்தியானம் வரை பசி கட்டுக்குள் இருக்கும். பத்து மணிப் பிஸ்கட் அப்படித்தான் நின்றது. நானாக வைராக்கியத்தோடு நிறுத்தவில்லை, வேண்டியிருக்கவில்லை.

கொள்ளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைப் பிடித்துக்கொண்டு, காலையில் கொள்ளுத் தண்ணி குடித்தால் கொழுப்பு கரையும் என்று நம்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. கொள்ளு எதையும் கரைப்பதில்லை. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருக்கிறது, 300 கலோரிக்கு மேலும் இருக்கிறது. அதைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் இளைக்கலாம். வழக்கமான சோற்றையும் தின்றுவிட்டு மேலே கொள்ளு ரசம் குடித்தால் ரசம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வடித்த தண்ணியைக் குடித்துவிட்டுப் பயறை மாட்டுக்குப் போடுவது எனக்கு இன்றுவரை புரியாத வைத்தியம். புரதம் போவது மாட்டுக்கு.

ராகிக் களிக்கும் இதே கதைதான். ராகியின் கலோரி அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நார் நாலு மடங்குக்குக் கிட்ட அதிகம், கால்சியம் ஏராளம், அதனால் சீக்கிரம் வயிறு நிறையும், மலச்சிக்கலுக்கு நல்லது. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் பாலும் போட்டு ஒரு சொம்பு ராகிக் கூழ் குடிப்பதற்குப் பெயர் எடைக் குறைப்பு இல்லை. களியை ஒரு உருண்டை, கூடக் கீரைக் கடைசல், அது சரி.

வீட்டில் பெரிய பேச்சு கிளம்பியது அரிசிம்பருப்புச் சோற்றில். மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு என்பது அத்தையின் கை அளவு. நான் ஒன்றுக்கு ஒன்று போட்டு, கூடவே ஒரு கை முருங்கைக்கீரையும் சேர்த்து வைத்தேன். அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதென்ன பருப்பும் அரிசியுமா மாறிக் கெடக்குது?" என்றார். மகன் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு இரண்டுக்கு ஒன்று என்று சமாதானம் ஆனோம். இப்படிப் பேரம் பேசி நிற்கிற அளவுதான் நிலைக்கிறது. எனக்கு மட்டும் தனியாகச் சமைப்பது என்று ஆரம்பித்திருந்தால் ஆபீசுக்குப் போகிற பெண்ணால் ஒரு மாதம் தாக்குப் பிடிக்க முடியாது. வீட்டுக்கே ஒரே சாப்பாடு, அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அத்தையின் சர்க்கரையும் இறங்க ஆரம்பித்த பிறகு, எதிர்ப்பு தானாகக் குறைந்தது. இப்போது வருகிறவர்களுக்கு எண்ணெய்க் கரண்டியை எடுத்துக் காட்டுகிறவரே அவர்தான்.

மத்தியான டிபன் பாக்ஸில் ஒரு கப் சோறு, அரைப் பங்குக்குக் காய், ஒரு பங்கு பயறோ குழம்பில் உள்ள பருப்போ, ஒரு டப்பா மோர். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பது ஏழரை, எட்டுக்கு வந்துவிட்டது. ராத்திரிச் சோறுதான் என் எடையில் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, சீரியல் பார்த்துக்கொண்டே இரண்டாவது மூன்றாவது தடவை போட்டுக்கொள்வது அப்போதுதான். இப்போது பெரும்பாலும் இரண்டு தோசை, இல்லையென்றால் ஒரு சிறிய கிண்ணம் சந்தகையும் (அரிசிச் சேவை) தட்டைப்பயறுக் குழம்பும். முடிந்ததும் பல் விளக்கிவிடுவேன். அதற்குமேல் எதையாவது கொறிக்கச் சோம்பேறித்தனம் விடாது. சோம்பேறித்தனத்தையும் வேலை வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. கறியைக் குறைக்கத் தேவையில்லை, கறியோடு வருகிற சோற்றைத்தான். வெள்ளாட்டுக்கறி 100 கிராம், கோழி என்றால் 150 கிராம்கூட, குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு. பள்ளிபாளையம் சிக்கனைக் கடையில் வாங்கினால் எண்ணெய் சொட்டும். வீட்டில் தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்டு மூன்று கரண்டி எண்ணெயில் செய்தால் ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. கெடா விருந்து வந்தால் போவேன், சாப்பிடுவேன். அன்று கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டவும் மாட்டேன்.

பட்டினியைப் பற்றிச் சொல்லும்போது, ஆபீசில் கூட வேலை செய்கிற ஒருவர் பழச்சாறும் மோரும் மட்டும் குடித்துச் சீக்கிரம் இளைத்தார். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. மருத்துவர் தடுத்துவிட்டார். கலோரியை ஒரேயடியாக வெட்டினால், தைராய்டு ஹார்மோனான டி4-ஐ (மாத்திரையில் இருப்பதும் அதுதான்) டி3-ஆக மாற்றுகிற வேலையை உடம்பே குறைத்துவிடும். தசைகளும் மற்ற உறுப்புகளும் பயன்படுத்துவது அந்த டி3-ஐத்தான். நல்ல தைராய்டு உள்ளவர்களுக்கே அப்படி நடக்கும். மாத்திரை போட்டு ஏற்றிய சுறுசுறுப்பைப் பட்டினியால் இறக்குவானேன்? போதாக்குறைக்குத் தசை கரையும், முடி இன்னும் கொட்டும். சாப்பிடுவதில் 400, 500 கலோரி குறைந்தால் போதும் என்றார். எண்ணெய், சர்க்கரை, பேக்கரி, ராத்திரிச் சோறு நாலையும் கூட்டினால் அது சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது.

இதைவிட மோசமான யோசனை ஒன்றும் காதில் விழுந்தது. மாத்திரையை இரண்டாகப் போட்டால் சீக்கிரம் இளைக்கலாமாம். இளைக்கலாம், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், நாளடைவில் எலும்பு தேயும். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் எலும்போடு விளையாடுவது பைத்தியக்காரத்தனம். அது எடைக்கான மாத்திரை இல்லை, இல்லாத ஹார்மோனை ஈடுகட்டுகிற மாத்திரை.

விரதம் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கந்த சஷ்டிக்குச் சென்னிமலைக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. விரத நாளிலும் விடியற்காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை போடலாம் என்று மருத்துவர் சொன்னதால் நான் விடுவதில்லை. எடை விஷயத்தில் விரதம் எனக்கு எதுவும் செய்யவில்லை. பகலில் மிச்சம் பிடித்ததை ராத்திரி ஜவ்வரிசிப் பாயசமும் வாழைப்பழமும் அவலும் வசூலித்துக்கொண்டுவிடும். சாமிக்காக இருப்பது வேறு. அதை எடைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் இரண்டுமே நிம்மதி.

தராசில் தினமும் ஏறுவதை விட்டு, சனிக்கிழமை காலையில் மட்டும் பார்க்கிறேன். மாதவிலக்குக்கு முன் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஏறி இறங்கும், அதற்கெல்லாம் மனம் உடையத் தேவையில்லை. வாரம் அரைக் கிலோ இறங்கும் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். எனக்கு மாதத்துக்கு ஒரு கிலோ இறங்கியதே பெரிய விஷயம், சில மாதம் அதுவும் இல்லை. அப்படி நின்ற மாதங்களில் இடுப்பு அளவு குறைந்துகொண்டிருந்தது. இஞ்ச் டேப் வாங்கித் தொப்புள் மட்டத்தில் அளந்து வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குமேல் போனால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். நான் இன்னும் அதற்கு மேலேதான். இப்போது எடை 68. என் உயரத்துக்கு இந்தியர்களுக்கான கணக்குப்படி 57 கிலோவைத் தாண்டினாலே அதிக எடைதான். 57-க்குப் போகிற திட்டம் எனக்கு இல்லை. 64, 65 வந்து அங்கேயே நின்றால் போதும். கொழுப்பும் சர்க்கரையும் ரத்தத்தில் சரியாக இருக்கின்றன, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

எடை இறங்கியவர்கள் மறக்கக்கூடாத ஒன்று பாக்கி இருக்கிறது. மாத்திரையின் அளவுக்கும் உடம்பின் எடைக்கும் தொடர்பு உண்டு. தைராய்டு அறவே சுரக்காதவர்களுக்கு, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. அதனால் எடை குறைந்த பிறகும் பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தால் அது கூடுதலாகிவிடலாம். எனக்கு 100 மைக்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. போன முறை ரத்தம் பார்த்தபோது டிஎஸ்எச் 0.3-க்கு இறங்கியிருந்தது. ராத்திரியில் நெஞ்சு லேசாகப் படபடத்ததும் அதனால்தான். 88-ஆகக் குறைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார், இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். 88 எல்லா மருந்துக் கடையிலும் இருப்பு வைப்பதில்லை. பாட்டில் தீருகிறவரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.